கையும் கருத்தும்: சமூகக்கல்வியிற் செயல்வழிக் கற்றல் பற்றிக் குருவிட்டத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கற்றல் செவிவழி மட்டும் நிகழ்வதன்று. கைவழியும் நிகழ்வது என்னும் கருத்தை இன்று எவரும் மறுப்பதில்லை. கல்விக் கருத்தரங்குகளிலும், ஆசிரியர் கைந்நூல்களிலும், பாடநூல் அலகுகளின் இறுதியிலும் ‘செயற்பாடு’ என்னும் சொல் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. எனினும், ஒரு கருத்து எல்லாராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட நிலையிலேதான் அதனை மீண்டும் ஆராயவேண்டிய தேவை எழுகின்றது. ஒரே சொல்லின் கீழ் ஒன்றுக்கொன்று மாறான செயல்கள் நடைபெறுவதை அத்தகைய ஒப்புதல் மறைத்துவிடுகின்றது.

செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் நம் பாடசாலைகளில் இருவகைச் செயல்கள் நடைபெறுகின்றன. முன்னரே முடிவுசெய்யப்பட்ட ஒன்றைக் கையால் மறுபடி செய்துகாட்டுதல் ஒருவகை. விடை தெரியாத வினா ஒன்றைக் கையும் கண்ணும் கொண்டு தேடுதல் மற்றொருவகை. முன்னையது அலங்காரம், பின்னையதே கல்வி. இவ்வேறுபாடு எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவானதாயினும், தோட்டப்புறப் பாடசாலைகளில் அது வாழ்வோடு தொடர்புடைய பிரச்சினையாகின்றது. உழைப்பாளியின் பிள்ளைக்குக் கைவேலை புதியதன்று. அக்கைவேலை எப்போது அறிவாகின்றது என்பதே அங்கு எழும் வினா. இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டவையும் அதனைச் சூழ்ந்த தேயிலை, றப்பர்த் தோட்டங்களையும் முன்வைத்து அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் வரலாறு

அமெரிக்கக் கல்வி அறிஞர் ஜோன் டூயி 1896ஆம் ஆண்டிலே சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடப் பாடசாலை ஒன்றை நிறுவினார். அங்கு நெய்தல், சமைத்தல், தச்சு முதலிய தொழில்களைப் பிள்ளைகள் செய்து பார்த்தனர். 1899இல் வெளிவந்த ‘பாடசாலையும் சமுதாயமும்’ என்னும் நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். பிள்ளைகளிடம் பதப்படுத்தப்படாத பருத்தியும் கம்பளியும் கொடுக்கப்பட்டன. பருத்தியிலிருந்து விதையைக் கையாற் பிரித்தெடுக்க முயன்ற பிள்ளைகள், அது எத்துணை மெதுவான வேலை என்பதைக் கண்டனர். பருத்தித் தொழில் கம்பளித் தொழிலுக்குப் பிந்தி வளர்ந்தமைக்கான காரணம் ஒன்றையும் அதன்வழி தாமே உணர்ந்தனர். ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், பிள்ளைகளை நெசவாளராக்குவது டூயியின் நோக்கமாக இருக்கவில்லை என்பதாகும். கையின் அனுபவம் வரலாற்று வினாவொன்றின் வாயிலாக அமைந்தது.

1937ஆம் ஆண்டிலே வார்தாவில் நடைபெற்ற மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி வேறொரு நிலைப்பாட்டிலிருந்து தோன்றியது. கைத்தொழில் ஒன்றையே மையமாக்கி ஏனைய பாடங்களை அதனோடு இணைக்கவேண்டும் என்றார் அவர். உழைப்பை இழிவாக நோக்கிய சமுதாயத்தில் இது புரட்சிகரமான கருத்து என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிள்ளைகள் செய்யும் பொருள்களின் விற்பனையால் பாடசாலை தன் செலவைத் தானே ஈடுசெய்துகொள்ளும் என்ற எதிர்பார்ப்பும் அத்திட்டத்தில் இருந்தது. பிள்ளையின் கை கற்கும் கையா, பொருளீட்டும் கையா என்ற ஐயத்தைக் காந்தியக் கல்வியை ஆதரித்தோரும் தவிர்க்க முடியவில்லை.

இலங்கையிலே இக்கருத்து பரந்த அளவிற் பரிசோதிக்கப்பட்டது 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தின் போதாகும். வரலாறு, புவியியல், குடியியல் எனத் தனித்தனியே கற்பிக்கப்பட்டவை ‘சமூகக்கல்வி’ என ஒன்றிணைக்கப்பட்டன. அதனோடு தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. பாடசாலை அமைந்துள்ள பிரதேசத்தின் தொழில்களை மாணவர் அறிந்துகொள்ளவேண்டும் என்பது அவற்றின் நோக்கம். 1975இல் முதன்முறையாக நடைபெற்ற தேசிய பொதுக்கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையிலும் இவை இடம்பெற்றன. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் அப்பரீட்சை கைவிடப்பட்டுப் பழைய சாதாரணதரப் பரீட்சை மீண்டும் வந்தது. சமூகக்கல்வி மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. இன்று அப்பாடம் வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி எனப் பிரிந்து நிற்பினும், செயற்பாட்டுமுறை என்ற எண்ணம் அம்மூன்றிலும் தொடர்கின்றது.

இச்சீர்திருத்தத்தில் இரு குறைகள் இருந்தன என்பது என் கருத்து. முதலாவது, அது தோட்டப் பிள்ளையைச் சென்றடையவில்லை. 1972இல் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழ் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டவை. ஓராசிரியர் பாடசாலைகளும் அவற்றுட் பல. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. ஆறாந்தரத்தில் தொடங்கிய புதிய பாடத்திட்டம், ஐந்தாந்தரத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு என்ன பயனைத் தந்திருக்கும்? இரண்டாவது குறை கோட்பாடு சார்ந்தது. தொழில் ஒரு பாடவேளையிலும் சமுதாயம் வேறொரு பாடவேளையிலும் கற்பிக்கப்பட்டன. றப்பர்ப்பால் வெட்டும் முறை ஒரு பாடத்துக்கும், றப்பர் ஓர் ஏற்றுமதிப் பொருள் என்பது மற்றொரு பாடத்துக்கும் உரியவையாயின. வெட்டப்படும் பாலுக்கும் கிடைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு இரு பாடங்களுக்கும் இடையிலே எவர் கையிலும் அகப்படாது நழுவிவிட்டது.

வரையப்பட்ட குளம்

இனி, செயற்பாடு வகுப்பறையில் எவ்வாறு அலங்காரமாக மாறுகின்றது என்பதை நோக்குவோம். குருவிட்டவை அண்டிய தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு ஏழாந்தர வகுப்பிற் செய்த ஒரு வேலை இன்னும் நினைவிலுண்டு. ‘எமது ஊர்’ என்னும் தலைப்பிற் படம் வரையுமாறு பணிக்கப்பட்டோம். வழிகாட்டலாகக் கரும்பலகையில் ஒரு மாதிரிக் கிராமம் வரையப்பட்டிருந்தது. நடுவே ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், கரையிலே கோவில். நாங்கள் நாற்பது பேரும் குளம் வரைந்தோம். எங்கள் தோட்டத்திலோ சுற்றுவட்டாரத்திலோ அத்தகைய குளம் இல்லை. குருவிட்ட ஈரவலயத்தில் உள்ளது. அதன் நீர் குளத்தில் தேங்குவதன்று. ஓடைகளாக இறங்கிக் குரு கங்கையிற் சேர்ந்து களு கங்கைக்குச் செல்வது. எவருடைய படத்திலும் லயம் இருக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கவில்லை. படங்கள் யாவும் நன்றாக இருப்பதாகப் பாராட்டப்பட்டன.

இதனை அவ்வாசிரியர்மீது குற்றமாகச் சுமத்துவது என் நோக்கமன்று. அவருக்கும் எவரோ அக்குளத்தை வரைந்து காட்டியிருத்தல் வேண்டும். பிள்ளைகள் வண்ணம் தீட்டினார்கள், அளவுகோல் பிடித்தார்கள், கை முழுமையாக இயங்கியது. ஆனால் கண் இயங்கவில்லை. தன் ஊரைப் பாராமலே தன் ஊரை வரையலாம் என்பதையே அச்செயற்பாடு எங்களுக்குக் கற்பித்தது. அதனினும் மேலாக, தன் ஊர் வரையத்தக்க ஊரன்று என்பதையும் சொல்லாமற் சொல்லிற்று. கண்காட்சி நாள்களில் அட்டையாலும் ரெஜிபோமினாலும் அமைக்கப்படும் சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் இவ்வகையைச் சேர்ந்தனவே. குருவிட்ட–எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர் தம் ஊரைக் கடந்து செல்வதை ஆண்டுதோறும் காணும் மாணவன், அவர்களுள் ஒருவரோடும் உரையாடாமல் அம்மலையை அட்டையிற் செய்து பரிசு பெறுகின்றான்.

உழைக்கும் கையும் அறியும் கையும்

இதற்கு மாற்றாகப் பிள்ளைகளைத் தேயிலை மலைக்கும் றப்பர்க் காட்டுக்கும் அழைத்துச் சென்றால் போதும் எனச் சிலர் கூறுவர். இங்குதான் தோட்டப்புறத்தின் தனித்தன்மையை நாம் மனங்கொள்ளவேண்டும். கொழும்பிலிருந்து சுற்றுலா வரும் மாணவி ஒருத்திக்குக் கொழுந்து பறித்துப் பார்ப்பது புதிய அனுபவம். அம்மாவுக்கு உதவியாகக் கூடைபிடித்துப் பழகிய தோட்டத்து மாணவிக்கு அதில் என்ன புதுமை உண்டு? பாடசாலையும் அதையே செய்யச் சொன்னால், ‘உனக்குரிய இடம் இதுவே’ என அது கூறுவதாகவே அவளும் பெற்றோரும் கருதுவர். பிள்ளையைப் பெரட்டுக் களத்துக்கு அனுப்பாமல் பாடசாலைக்கு அனுப்புவதற்காக எத்தனையோ தாய்மார் அரைப்பேரையும் பொறுத்துக்கொண்டு உழைத்திருக்கின்றனர். அவர்களது எதிர்ப்பில் நியாயம் உண்டு. தொழில்சார்ந்த கல்வி எங்கே ஏழைப் பிள்ளைக்கு மட்டும் வகுக்கப்படுகின்றதோ, அங்கே அது கல்வியாகாது. கங்காணி வேலையின் முன்பயிற்சியாகிவிடும்.

ஆகவே, சமூகக்கல்வியிற் செயல் அறிவாவதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். செயலுக்கு முன் ஒரு வினா இருத்தல் வேண்டும். அவ்வினாவின் விடை ஆசிரியருக்கும் முழுமையாகத் தெரியாததாக இருப்பது நன்று. கண்டவை அளக்கப்பட்டும் எழுதப்பட்டும் பேணப்படல் வேண்டும். எழுதியவை பிறர் எழுதியவற்றோடும் பாடநூலோடும் ஒப்பிடப்படல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்துச் செயல் வெறும் வேலையாகவோ விளையாட்டாகவோ முடியும். குருவிட்டவில் இந்நிபந்தனைகளை நிறைவேற்றத்தக்க சில செயற்பாடுகளை இனிக் காண்போம்.

மழை என்னும் பாடம்

‘சப்பிரகமுவ மாகாணம் அதிக மழைவீழ்ச்சியைப் பெறுகின்றது’ என்பது மாணவர் மனனஞ்செய்யும் வாக்கியங்களுள் ஒன்று. இரத்தினபுரிப் பகுதியின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. இவ்வெண்ணைப் பரீட்சையில் எழுதும் மாணவனுக்கு அதன் பொருள் தெரியுமா? நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உடைய ஒரு தகரப்பேணியை வெளியில் வைத்து, காலைதோறும் அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால், அவ்வுயரமே மழைவீழ்ச்சி. செலவு ஏதுமில்லை. பல தோட்டக் கந்தோர்களில் நாள்தோறும் மழையை அளந்து எழுதும் ஏடுகளும் உள. கந்தோர் ஏட்டையும் தன் ஏட்டையும் ஒப்பிடும் மாணவன் அளவையியலின் முதற்பாடத்தைக் கற்கின்றான்.

ஆனால் அது புவியியலே. சமூகக்கல்வியாவதற்கு இன்னும் ஒரு நிரல் தேவை. மழை எழுதிய தாளின் பக்கத்திலே, அன்று வீட்டாருக்குப் பால்வெட்டு வேலை இருந்ததா என எழுதுமாறு சொல்லலாம். றப்பர் மரம் வெயிலேறுமுன் வெட்டப்படுவது. அதிகாலையிலேயே பால் நன்கு சுரக்கும். விடியலிற் பெய்யும் மழை பட்டையை நனைத்துவிட்டால் பால் தன் வழியில் ஓடாது. ஓடினாலும் கோப்பையில் நீரோடு கலந்துவிடும். எனவே மாலை மழை கூலியைத் தொடாமற் போகலாம். அதே அளவான விடியல் மழை ஒருநாட் கூலியைப் பாதிக்கும். மாதத்தில் எத்தனை மில்லிமீற்றர் மழை என்பதைவிட, எந்த நேரத்து மழை என்பதே பால்வெட்டுக் குடும்பத்துக்கு முதன்மையானது என்பதை மாணவன் தன் தாளிலிருந்தே கண்டுகொள்வான். பாடநூல் அட்டவணையிலே மழைக்கு அளவு உண்டு, நேரம் இல்லை.

மூன்றாவது நிரலைத் தேயிலைக்கு ஒதுக்கலாம். அளவான மழை கொழுந்தைத் தளிர்க்கச் செய்யும்; றப்பர்க்காரரின் இழப்பு தேயிலைக்காரரின் ஆதாயமாகத் தோன்றும். ஆயினும் நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென ஓரளவு கழிக்கும் வழக்கமும் உண்டு. எவ்வளவு கழிக்கப்படுகின்றது, யார் தீர்மானிக்கின்றார் என்று வினவும் மாணவி, நிறுத்தல் என்பது வெறும் கணிதமன்று, அது ஓர் உறவு என்பதை அறிவாள். நான்காவது நிரல் மாணிக்கக் குழிகளுக்கு உரியது. இல்லம எனப்படும் பரலடுக்கை எட்டுமளவும் தோண்டப்படும் குழி மழையில் நிரம்பினால் நீரிறைக்கும் இயந்திரம் ஓடவேண்டும். நிலத்தவர், இயந்திரத்தவர், உழைப்பவர் எனப் பங்கு பிரியும் மரபிலே மழைநாளின் செலவு யாரைச் சேர்கின்றது என்னும் வினா எழும். ஐந்தாவதாக, களு கங்கையின் தாழ்நிலங்கள் உள்ளன. 2003ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தில் விளைத்த அழிவை முதியோர் பலரும் சொல்வர். மழை ஒன்றே, அது விழும் வீடுகள் வேறு. இதனைக் காட்டுவதே சமூகக்கல்வியின் பணி.

டூயியின் பருத்திக்கு இணையாகவும் குருவிட்டவில் ஒன்று உண்டு. ஒரு கோப்பை றப்பர்ப்பாலை நிறுத்து, அது தானாக உறைந்தபின் மெல்லியதாக அழுத்தி நன்கு காயவைத்து மீண்டும் நிறுத்தால், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே எஞ்சும். தொழிலாளி சுமந்து வருவது பால். கணக்கில் ஏறுவது உலர்ந்த றப்பர். இரண்டுக்கும் இடையிலுள்ள கணிப்பை மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவி செய்கின்றது. அக்கருவியை வாசிக்கத் தெரிந்தவருக்கும் வாசிக்கத் தெரியாதவருக்கும் இடையிலான வேறுபாட்டை வகுப்பறைத் தராசொன்றே விளக்கிவிடும். இங்கு மாணவன் பால்வெட்டப் பயிலவில்லை. பால்வெட்டுபவரின் உழைப்பு எவ்வாறு எண்ணாக மாறுகின்றது என்பதைப் பயில்கின்றான். உழைக்கும் கைக்கும் அறியும் கைக்கும் இடையே நான் மேலே குறிப்பிட்ட வேறுபாடு இதுவாகும்.

குகையும் குப்பைக் குழியும்

உழைப்பையும் காலநிலையையும் போன்று, கடந்தகாலத்தையும் குருவிட்டவில் அருகிருந்து கற்கலாம். அங்குள்ள பட்டதொம்பலெனக் குகை உலகத் தொல்லியலாளர் அறிந்த இடம். 1940ஆம் ஆண்டை அண்டி போலஸ் தெரணியகலவும், 1980ஆம் ஆண்டை அண்டி அவர் மைந்தர் சிரான் தெரணியகலவும் அங்கு அகழ்வாராய்ச்சி நடத்தினர். மனித எலும்புகளும், 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய நுண்கற்கருவிகளும், அம்மாந்தர் உண்டு எறிந்த காட்டு நத்தைகளின் ஓடுகளும், குரங்கு முதலிய விலங்குகளின் எலும்புகளும் அங்கு கிடைத்தன. மழைக்காட்டில் வாழ்ந்த மனிதரைப் பற்றிய அறிவு இவற்றால் விரிந்தது.

செயல்வழிக் கற்றல் என்றதும் மாணவரை அங்கு அழைத்துச் சென்று தோண்டவிடுவது அறியாமையாகும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடைசெய்கின்றது. அத்தடையின் காரணத்தை விளக்குவதும் ஒரு பாடமே: ஒரு படையைக் கலைத்துவிட்டால் அதன் சாட்சியம் மீளாது. தோண்டிப் பார்க்கப் பாடசாலைப் பின்புறத்துப் பழைய குப்பைக்குழி போதும். கீழ்ப்படையிற் சாம்பலும் தகரமும், மேற்படையில் பொலித்தீனும் பிளாத்திக்கும் கிடைக்கும். கீழ் உள்ளது முந்தியது என்ற தொல்லியல் விதியையும், நம் நுகர்வு மாறிய வரலாற்றையும் மாணவர் ஒருங்கே காண்பர். அதன்பின் குகைக்குச் சென்றால் அவர்கள் காண்பது வெறும் பாறையாக இராது. யார் முதலில் வந்தார் என்னும் வினாவாற் பல துன்பங்களை அனுபவித்த நாடு இது. அக்குகையின் முன் நிற்கும் சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் தாம் இருவரும் பின்வந்தோரே என உணர்வது எந்த நூலாலும் எளிதிற் கைகூடாத பேறாகும்.

வெற்று நிரல்

குடியுரிமைக் கல்வியில் மாணவருக்கு அடிக்கடி அளிக்கப்படும் செயற்பாடு ஒன்று, தமது பிரதேச சபை வழங்கும் சேவைகளைப் பட்டியலிடுவதாகும். பாதை, வடிகால், தெருவிளக்கு, குடிநீர், நூலகம், குப்பை அகற்றல் எனக் குருவிட்ட நகரத்து மாணவன் எழுதுவான். தோட்டத்து மாணவி என்ன எழுதுவாள்? நீண்டகாலம் அவளுடைய நேர்மையான விடை வெற்றுத்தாளாகவே இருந்திருக்கும். லயத்தின் கூரையையும் வடிகாலையும் பாதையையும் பற்றி முறையிடும் இடம் தோட்டக் கந்தோராகவே இருந்துவந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைத் தடையின்றிச் செலவிட இடந்தரவில்லை. 2018ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. இடைப்பட்ட மூன்று தசாப்தங்களில் தோட்டமக்கள் சபை உறுப்பினருக்கு வாக்களித்தனர்; ஆயினும் அச்சபையின் சேவைக்கு அவர்கள் முழு உரித்துடையோராக இருக்கவில்லை.

இங்கு ஆசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. பாடநூலிலுள்ள பட்டியலைப் பார்த்து எழுதச் சொல்லலாம், புள்ளிகள் கிடைக்கும், வரையப்பட்ட குளம்போல் இதுவும் ஒரு பொய்யாக முடியும். அன்றேல், வெற்று நிரலை வெற்றாகவே விட்டு, ‘இது ஏன் வெறுமையாக உள்ளது?’ என வினவலாம். அவ்வினாவிலிருந்து சட்டம் என்றால் என்ன, அது எவ்வாறு ஆக்கப்படுகின்றது, எவ்வாறு திருத்தப்படுகின்றது, திருத்தம் நிகழ்ந்தபின் நடைமுறை மாறியுள்ளதா என்பன யாவும் வரிசையாக எழும். 2018இன் பின் தம் தோட்டத்தில் எந்தப் பாதை, எந்த விளக்கு சபையால் அமைக்கப்பட்டது என மாணவர் நடந்து பார்த்துக் குறிக்கலாம். அவர்கள் தயாரிக்கும் அந்தப் பட்டியல் எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவாக இருக்கும். குடியுரிமையைப் பற்றிக் கற்பதற்கும் குடிமகனாக இருக்கக் கற்பதற்கும் உள்ள தூரத்தை இத்தகைய செயற்பாடே குறைக்கும்.

இதே முறையைக் குடும்ப வரைபடத்துக்கும் விரிக்கலாம். உலகப்படத்தின்மேல் நூலால் தம் உறவினர் வாழும் இடங்களை மாணவர் இணைப்பாராயின், குருவிட்டவிலிருந்து புறப்படும் நூல்கள் வவுனியாவுக்கும், கடல்கடந்து திருச்சிக்கும் நீலகிரிக்கும் செல்லும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவேண்டுமென வகுத்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும், எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க முனைந்த 2003ஆம் ஆண்டின் சட்டமும் அப்போது வெறும் ஆண்டுகளாக இரா. பாட்டியின் தமக்கை ஏன் கூடலூரில் இருக்கின்றார் என்பதற்குரிய விடைகளாக அவை அமையும்.

தடைகள்

இவ்வாறான கற்பித்தலுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நாம் நேர்மையாக எடைபோடவேண்டும். முதலாவது, பரீட்சை. தோட்டப்புற மாணவருக்குச் சாதாரணதரச் சித்தியே வெளியுலகின் கதவு. மழையை அளக்கும் நேரத்தில் பாடநூலைப் படித்தால் சித்தி கிடைக்கும் அன்றோ எனக் கேட்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. ஆனால் மேற்கூறிய செயற்பாடுகள் பாடத்திட்டத்துக்குப் புறம்பானவையல்ல; காலநிலை, பயிர்ச்செய்கை, உள்ளூராட்சி, வரலாற்றுக்கு முற்பட்ட காலம் என்பன யாவும் பாடத்திட்டத்தினுள்ளே இருப்பவை. எல்லாவற்றையும் செய்யவேண்டியதுமில்லை. தவணைக்கு ஒன்று, முறையாக, இறுதிவரை செய்யப்பட்டாற் போதும். பத்து அட்டை மாதிரிகளிலும் பார்க்க மூன்று மாத மழைத்தாள் ஒன்று மேலானது.

இரண்டாவது தடை அச்சம். கந்தோர் மழையேட்டைக் காட்ட மறுக்கலாம். ஈரக்கழிவு பற்றிக் கேட்டால் பெற்றோருக்குச் சங்கடம் நேரலாம். 1983ஐப் பற்றிக் கேட்டால் வீட்டிலே மௌனம் விளையலாம். இங்கு ஆசிரியரின் விவேகம் இன்றியமையாதது. பிள்ளையைப் பெரியோரின் சச்சரவுக்குக் கருவியாக்குதல் தகாது. பெயர்கள் எழுதப்படாமல் எண்கள் மட்டும் எழுதப்படலாம். சொல்ல விரும்பாத முதியவரின் மௌனம் மதிக்கப்படல் வேண்டும். எனினும், வினா ஆபத்தானது என்பதற்காகக் குளம் வரைவது தீர்வாகாது.

மூன்றாவது தடை மொழியும் ஆசிரியர் பற்றாக்குறையுமாம். சப்பிரகமுவவிலே தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் சிங்களச் சூழலின் நடுவே சிதறிக் கிடப்பன. சுற்றியுள்ள கிராமத்தவரிடமும் பணிமனைகளிலும் தகவல் பெறச் சிங்களம் வேண்டும். இதனைக் குறையாக மட்டும் கருதவேண்டியதில்லை. இரண்டாம் மொழியைக் கற்க இதனினும் சிறந்த சந்தர்ப்பம் வேறில்லை. அயலிலுள்ள சிங்களப் பாடசாலையோடு மழைத்தாளைப் பரிமாறிக்கொண்டால், ஒரே மழை வயலுக்கு என்ன செய்தது என்பதையும் நம் மாணவர் அறிவர். ஆசிரியர் பற்றாக்குறையோ கட்டுரை எழுதித் தீர்க்கத்தக்கதன்று. அது அரசின் பொறுப்பு. அதனை வற்புறுத்தும் கடமை எமக்கும் உண்டு.

முடிவாக

செயல்வழிக் கற்றல் நல்லதா தீயதா என்பது இன்று பொருளுள்ள வினாவன்று. யாருடைய செயல், யாருடைய ஊர், யாருடைய வினா என்பனவே கேட்கத்தக்கவை. டூயியின் பாடசாலையில் பருத்தி ஒரு வினாவாக இருந்தது; வார்தாவில் அது தொழிலாகவும் வருவாயாகவும் கருதப்பட்டது; 1972இன் இலங்கையில் தொழிலும் சமுதாயமும் இருவேறு பாடவேளைகளாகப் பிரிந்து நின்றன. உழைப்பையும் அதுபற்றிய வினாவையும் ஒரே தாளின் இரு நிரல்களாக எழுதக் கற்பிப்பதே தோட்டப்புறப் பாடசாலை செய்யவேண்டியது.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நம்மிற் சிலர் ஆசிரியராக அப்பாடசாலைகளுக்குச் செல்லவிருக்கின்றோம். அங்கு முதலாவது நாளிலேயே கரும்பலகையில் ஒரு மாதிரி ஊரை வரையும் ஆவல் நமக்கும் தோன்றக்கூடும். அப்போது வெண்கட்டியை மாணவரிடம் கொடுத்து, காலையில் பாடசாலைக்கு நடந்துவந்த வழியை வரையச் சொல்வோமாக. லயமும், ஓடையும், நிறுவை மடுவமும், மழையில் வழுக்கும் படிக்கட்டும் கரும்பலகைக்கு வரும். சமூகக்கல்வி அதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இம்மதிப்பீட்டின் முடிபாகும்.